ஆறாம் கேமராவில் நம்ம ஆள்

நான் போய் இறங்கியது வெயில் சாயத் தொடங்கிய ஒரு சாதாரணப் பிற்பகலில். சரணாலயத்தின் வாசலில் ஆளுயர மான் பொம்மை ஒன்று நின்றது. அதற்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக் கையசைக்க வைத்திருந்தார்கள். கீழே ‘உங்களுக்காகவே காத்திருக்கிறோம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்த நிஜ மான்களிடம் யாரும் இதற்குச் சம்மதம் வாங்கியதாகத் தெரியவில்லை.

அந்தச் சம்மதத்தைக் கேட்டு எழுதுவதுதான் என் வேலை. முன்பு நாளுக்கு இருபது வண்டி போன காட்டில் இப்போது அறுபது போகிறது. அதனால் விலங்குகளுக்குப் பாதிப்பு உண்டா என்று ஆறு வாரம் தங்கிப் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். ‘இல்லை’ என்று நான் கையெழுத்துப் போட்டால் அறுபது நூற்றிருபதாகும்.

இயக்குநர் அறைக்குள்ளும் அகலத் தொப்பி அணிந்திருந்தார். மேசைமேல் தொலைநோக்கி. ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது கழிப்பறைச் சுவர் மட்டுமே.

“அறிக்கையப் பத்தி நீங்க கவலையே படாதீங்க. முன்னுரை ரெடி, முடிவுரை ரெடி. அட்டைகூட அச்சடிச்சாச்சு. நடுவுல கொஞ்சம் பக்கம்தான் பாக்கி” என்றார்.

அட்டையைக் காட்டினார். ‘காடும் விருந்தினரும்: ஓர் இனிய உறவு’.

“முடிவுரையில என்ன சார் எழுதியிருக்கு?”

“உறவு இனிமையா இருக்குன்னுதான். வேற என்ன எழுதுவாங்க?”

வெளியே டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லோருக்கும் அவள் ‘டிக்கெட் அக்கா’. என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“கேமரா படமெல்லாம் நீங்கதான் பாப்பீங்களா தம்பி?”

“ஆமாக்கா.”

“காக்கிச் சட்டை போட்டவர் யாராவது தனியா, அலைஞ்சுக்கிட்டு இருக்கற மாதிரி தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க.”

அவள் கணவர் அங்கே காவலராக இருந்தவர். பதினோரு மாதத்துக்கு முன் ஒருநாள் காலை வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. ‘பணியை விட்டு ஓடியவர்’ என்று அலுவலகம் எழுதி முடித்துவிட்டது. சுற்றுலா வந்த ஒருத்தியோடு போய்விட்டார் என்று தேநீர் வேளைகளில் பேசி முடித்தது ஊழியர் கூட்டம். அக்கா முடிக்கவில்லை. கேட்டு வாங்கி இந்தக் கவுண்டரில் உட்கார்ந்தாள். வாசல் தெரிகிற நாற்காலி இது ஒன்றுதான்.

“செத்துட்டார்னா அழுது தீத்துடுவேன். ஓடிட்டார்னா திட்டித் தீத்துடுவேன். ரெண்டும் இல்லாம நடுவுல நிக்கறேன் பாருங்க, அதுதான் கால் வலிக்குது” என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு அடுத்த வண்டிக்காரருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள்.

காட்டுக்குள் மரங்களில் எட்டு கேமரா கட்டியிருந்தது. முதலாவது வாசலில், எட்டாவது நீர்க்குட்டையில். எதிரே ஏதாவது அசைந்தால் நொடிக்கு ஒன்றாக மூன்று படம் எடுக்கும். ஆயிரக்கணக்கில் வந்து குவியும் படங்களை விலங்கு, வண்டி, ஆள் என்று பிரித்துப் போட வேண்டும்.

எனக்கு ஒதுக்கிய ஜீப்பின் ஓட்டுநர்தான் கணினியில் நான்காவதாக ஒரு பொத்தானையும் காட்டினார். ‘நம்ம ஆள்’.

“காக்கின்னா அது நம்ம ஆள் சார். ஊழியரக் கணக்குல சேத்தா காட்டுக்குள்ள கூட்டம் ஜாஸ்தின்னு வரும். அதனால தட்டி விட்டுடணும். ஒரு மூலையில போய் விழுந்துடும். யாரும் பாக்க மாட்டாங்க.”

“முகம் பாக்க வேண்டாமா?”

“முகமெல்லாம் எதுக்கு? சட்டையப் பாருங்க, தட்டுங்க.”

எனக்கு முன்னால் வந்த இரண்டு கணக்கெடுப்பாளர்களும் அப்படித்தான் செய்திருந்தார்கள். நானும் செய்தேன். இரண்டு வாரத்தில் என் விரல் என்னைக் கேட்காமலே தட்டப் பழகிவிட்டது.

காலையில் ஓட்டுநரோடு காட்டுக்குள் போய் வருவேன். வண்டி எவ்வளவு பக்கத்தில் வரும்வரை விலங்கு ஓடாமல் நிற்கிறது என்று கருவி வைத்து அளக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால், எதிரே இருக்கும் பொருள் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று திரையில் எண் வரும். மனிதரைக் காணாத காட்டில் ஒரு மான் முப்பது மீட்டர்வரை பொறுத்துக்கொள்ளும் என்பார்கள். இங்கே நூற்றுப்பத்தில் ஓடியது. இனிய உறவு.

நீர்க்குட்டைக்கு முன்னால் ஒரு வளைவு. ஆறாம் கேமரா அங்கேதான். அதை நெருங்கியதும் ஓட்டுநர், “பிடிச்சுக்குங்க!” என்பார். வண்டி ஒருமுறை தூக்கிப் போடும். முதலில் முன்சக்கரம், பிறகு பின்சக்கரம். சுற்றுலாப் பயணிகள் வந்த நாளில் குழந்தைகள் கைதட்டி, “இன்னொரு தடவ அங்கிள்!” என்று கத்தின.

“என்னண்ணே இருக்கு அங்க?”

“வேர் சார்.”

ஒருநாள் திரும்பி வரும்போது இறங்கிப் பார்த்தேன். செம்மண் பாதை பலகைபோல் சமமாக இருந்தது. வேர் இல்லை, கேமரா கட்டிய மரம்கூட வெகு தள்ளி நின்றது. ஓட்டுநர் வண்டியை அணைக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு இயக்குநர் ஊக்க உரை ஆற்றுவார். காவலர், ஓட்டுநர், கூட்டுபவர் என எல்லோரும் வந்தாக வேண்டும். அந்த ஒரு மணி நேரம் வண்டிகளும் ஓடாது. காட்டுக்கு வாரத்தில் கிடைத்த ஒரே ஓய்வு அவருடைய சொற்பொழிவுதான். மூன்றாவது திங்களன்று, தூக்கத்தைத் தள்ளிப்போட, முன்னால் உட்கார்ந்திருந்த காக்கி முதுகுகளை எண்ணினேன். பதினொன்று. வருகைப் பதிவேட்டிலும் பதினொன்று.

பிற்பகலில் ஆறாம் கேமராவின் படங்களைத் திறந்தேன்.

திங்கள், காலை பதினொன்று இருபது. வளைவில் காக்கிச் சட்டை.

விரல் அதற்குள் தட்டிவிட்டது. படம் மூலைக்குப் போய்விட்டது.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது: யாரோ கூட்டத்துக்கு மட்டம் போட்டிருக்கிறான், புத்திசாலி. பிறகுதான் பதினொரு முதுகு நினைவுக்கு வந்தது.

யாரும் பார்க்காத அந்த மூலையைத் திறந்தேன்.

மற்ற ஏழு கேமராவிலும் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். பீடி பற்றவைக்கிறவர், மரத்தடியில் அவசரமாக ஒதுங்குகிறவர், கேமராவுக்கு நாக்கை நீட்டுகிறவர். ஆறாவதில் மட்டும் ஒரே ஆள். கேமராவுக்கு முதுகு காட்டி, பாதையின் நடுவில், வலது கையை முன்னால் நீட்டி உள்ளங்கையை விரித்து நின்றான். ‘நில்’ என்பதற்கு எந்த ஊரிலும் அதுதான் சைகை. அவன் முழங்காலை ஒட்டி ஒரு மான் மேய்ந்துகொண்டிருந்தது.

நூற்றுப்பது மீட்டரில் ஓடுகிற மான்.

மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். முதல் படம்: கையை நீட்டியபடி ஆள். இரண்டாவது: வண்டி, புழுதி. மூன்றாவதில் வண்டி போயிருந்தது. தரையில் காக்கித் துணி, கொடியிலிருந்து விழுந்ததுபோல் தட்டையாக.

அடுத்த மூன்றில் முதலாவது: ஆள் நின்றான். கை நீட்டியிருந்தது.

அடுத்த வண்டி.

ஒரு நாளை மட்டும் தேர்ந்தெடுத்து எண்ணினேன். எண்ணுவதுதானே என் தொழில்.

அறுபது.

பதினோரு மாதமாக, மூன்று பேர், ஒருவர் மாற்றி ஒருவர், ‘நம்ம ஆள்’ என்று தட்டியே அவனை மூலையில் தள்ளியிருக்கிறோம். அதில் என் பங்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அறை புழுங்கியது. மின்விசிறியைப் போட எழுந்தபோதுதான் அது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது.

மறுநாள் நண்பகலில், காலை வண்டிகள் முடிந்து மாலை வண்டிகள் தொடங்காத நேரத்தில், ஓட்டுநரை வளைவுக்கு அழைத்துப் போனேன். ஐம்பது அடிக்கு முன்பே நிறுத்திவிட்டார்.

“நான் இறங்க மாட்டேன் சார்.”

“பட்டப்பகல்ல என்னண்ணே பயம்?”

“பகல்தான் சார் இங்க.”

நடந்தேன். பூச்சிகளின் இரைச்சல் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிடி குறைந்து, வளைவில் அறவே நின்றது. இரண்டு மணி நேரமாக எந்த வண்டியும் போகாத பாதையில் சூடேறிய ரப்பர் வாடை. புழுதி கணுக்கால் உயரத்தில், அடங்காமல், மிதந்துகொண்டிருந்தது.

பாதைமேல் ஏழு மான்கள். என்னிடமிருந்து பதினைந்து மீட்டர் இருக்கும்.

ஓடவில்லை.

அவை என்னைப் பார்க்கவும் இல்லை. எனக்கு ஓரடி முன்னால் இருந்த எதையோ பார்த்தன.

பழக்கதோஷம், கருவியைக் கண்ணில் வைத்து முன்னால் நின்ற மானைக் குறிபார்த்து அழுத்தினேன். திரையில் வந்த எண் பதினைந்து இல்லை.

ஒன்று.

கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். ஒன்று. மானுக்கும் எனக்கும் நடுவில் வெறும் வெயில். ஓரடி பின்னால் வைத்து அழுத்தினேன்.

ஒன்று.

இன்னும் இரண்டடி பின்னால் போனேன்.

ஒன்று.

விரல் என்னைக் கேட்காமலே மறுபடி அழுத்திவிட்டது.

பூஜ்யம்.

என் மார்பில் ஓர் உள்ளங்கை பதிந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. தள்ளவில்லை. நிறுத்தியது, அவ்வளவுதான்.

எப்படித் திரும்பி ஓடினேன் என்று சொல்லத் தெரியவில்லை. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியபோது ஓட்டுநர் அழுதுகொண்டிருந்தார்.

“சட்டையப் பாருங்க சார்” என்றார், சத்தம் வராத குரலில்.

வெள்ளைச் சட்டையில் செம்மண் கை. வலது கை.

“அண்ணே, யாரு அது?”

“அக்கா வீட்டுக்காரன்தான். ‘தடுப்புக்கட்ட’ன்னு கூப்புடுவோம். குட்டையில வெலங்கு தண்ணி குடிக்கறப்போ வண்டி இந்த வளைவத் தாண்டக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. ஆபீஸ் சுவத்துல அழகா எழுதி மாட்டியிருக்கும். அத நெஜம்னு நம்புன ஒரே ஆளு இவன்தான் சார்.”

மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“அன்னிக்குப் பெரிய எடத்து விருந்தாளிங்க. இயக்குநர் முன்சீட்ல. குட்டையில சிறுத்த எறங்கியிருக்குன்னு தகவல். முன்னால போன வண்டி கெளப்பின புழுதியில ஒண்ணும் தெரியல. வண்டி தூக்கிப் போட்டுச்சு. நான் நிறுத்தப் போனேன் சார். ‘கல்லா இருக்கும், போ போ, சிறுத்த போயிடும்’னாரு. போயிட்டேன்.”

“சிறுத்தையப் பாத்தீங்களா?”

“பாத்தோம். எல்லாரும் கைதட்டினாங்க.”

திரும்பி வரும்போதுதான் அவனைப் பார்த்திருக்கிறார்கள். இயக்குநர், ‘உனக்கும் பிள்ளைங்க இருக்கு’ என்று ஒரே வாக்கியம்தான் சொன்னாராம். மறுநாள் வளைவில் மட்டும் புதிதாகச் செம்மண் கொட்டிப் பாதையைச் சமப்படுத்தினார்கள். தரத்தை உயர்த்தியதாகப் பலகையும் வைத்தார்கள்.

“அன்னிலேர்ந்து எல்லா வண்டியும் குலுங்குது. எல்லா ஓட்டுநருக்கும் தெரியும். ‘வேர்’னு சொல்லிக்குவோம்.”

அன்று மாலை முழுவதும் என் அறையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ‘ஓர் இனிய உறவு’ என்ற அட்டை. நடுப்பக்கங்களை நிரப்பிவிட்டு, அடுத்த பேருந்தில் வீடு போகலாம். இத்தனை வருடமாக எத்தனையோ நடுப்பக்கங்களை நிரப்பியவன்தான் நான். வீட்டில் என் மனைவி இதை ‘முதுகெலும்பு இல்லா உயிரினங்களின் ஆய்வு’ என்பாள். சட்டையைக் கழற்றிக் குழாயடியில் தேய்த்தேன். கை போகவில்லை. இரண்டாம் முறையும் போகவில்லை.

கவுண்டர் மூடும் நேரத்தில் அக்காவை அழைத்து வந்து கணினி முன்னால் உட்கார வைத்தேன்.

முதல் படத்தைப் பார்த்ததும் சொன்னாள், “இவர்தான். கைய நீட்டினா முழங்கைய இப்படிக் கொஞ்சம் மடக்கித்தான் வெப்பார். சின்ன வயசுல ஒடிஞ்ச கை.”

கண்ணில் நீர் இல்லை. மகிழ்ச்சிகூட இருந்ததுபோல் பட்டது. “ஓடல பாருங்க. எங்கயும் ஓடல” என்றாள்.

“அக்கா, இதோட போதும்.”

கேட்கவில்லை. என் கையை விலக்கிவிட்டு அவளே தட்டினாள். வண்டி. துணி. மறுபடி தட்டினாள். ஆள். வண்டி. துணி. ஓட்டுநர் சொன்னதை நான் மெல்ல மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள்.

“எழுந்துடறாரே தம்பி. ஒவ்வொரு தடவையும் எழுந்துடறாரே.”

“ஆமாக்கா.”

“ஒரு நாளைக்கு எத்தன தடவ?”

நான் திரையை அணைக்கப் போனேன்.

“எத்தன?”

“அறுபது.”

அவள் தன் வலது கையை மேசைமேல் வைத்துப் பார்த்தாள். டிக்கெட் தாளின் பச்சைச் சாயம் கட்டைவிரலில் ஊறிப் போயிருந்தது.

“அறுபதையும் கிழிச்சுக் குடுத்து உள்ள அனுப்பறது நான்தானே” என்றாள்.

மறுநாள் கவுண்டர் திறக்கவில்லை. அதற்காக வண்டிகள் நின்றுவிடவில்லை. டிக்கெட் இல்லாமலே போக வேண்டிய அளவுக்கு அவசரமான விருந்தினர்கள் அன்று இருந்தார்கள். முதல் வண்டி வளைவுக்குப் போனபோது அக்கா பாதையின் நடுவில், கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளைச் சுற்றி மான்கள்.

உயிரோடு இருக்கிற ஆளென்றால் வண்டி நின்றுவிடுகிறது. பின்னால் ஒன்று, அதன் பின்னால் ஒன்று என்று வாசல்வரை நின்றது. இயக்குநர் தொப்பியோடு ஓடிவந்தார். முன்வண்டியில் ஏறி, “எடு வண்டிய!” என்றார். அது என் ஓட்டுநரின் வண்டி. அவர் சாவியைக் கழற்றி இயக்குநர் மடியில் போட்டுவிட்டு இறங்கினார்.

“நீங்களே எடுங்க சார். இந்தத் தடவ நான் மாட்டேன்.”

இயக்குநருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்ற செய்தி அன்றுதான் வெளியானது. சாவியைத் திருகினார், வண்டி இருமிவிட்டு நின்றது. பின்சீட்டில் ஒரு குழந்தை சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் சொன்ன எதையும் யாரும் கேட்கவில்லை. ஓட்டுநர் மண்வெட்டி கொண்டுவந்தார். காவல்துறை வருவதற்குள் முழங்கால் ஆழத்தில் காக்கித் துணி தெரிந்தது. நீட்டிய வலது கை, முழங்கை சற்றே மடங்கி, அப்படியே இருந்தது.

அதன்பிறகு நடந்தவை எப்போதும் நடப்பவை. ஓட்டுநர் சிறைக்குப் போனார். இயக்குநர்மேல் விசாரணை, அது முடியும்வரை கடலோரச் சரணாலயம் ஒன்றில் ஆமைகளுக்கு ஊக்க உரை ஆற்ற அனுப்பியிருக்கிறார்கள். அக்கா எலும்புகளை வாங்கிக்கொண்டு தங்கை ஊருக்குப் போய்விட்டாள். சரணாலயத்தைக் காலவரையின்றி மூடினார்கள். கேமராக்களை மட்டும் ஓடவிடச் சொன்னேன். வண்டியே போகாவிட்டால் மான்கள் எத்தனை நாளில் பயம் தெளியும் என்று எழுத, இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

நாற்பதாம் நாள் போனேன். வாசலில் பூட்டு. காவலர் திறந்துவிட்டு, உள்ளே வரவில்லை. முந்தின நாள் விடாமல் மழை பெய்து விடியலில்தான் விட்டிருந்தது. பாதை புதுச் சிமெண்டு பூசியதுபோல் வழவழவென்று கிடந்திருக்க வேண்டும்.

நான் மேலே பார்த்துக்கொண்டு நடந்தேன். பறவைகள், ஈர இலை வாசனை. மனம் லேசாக இருந்தது. வளைவுக்கு வந்து ஆறாம் கேமராவைத் திறந்து, அதன் சிறு திரையிலேயே படங்களைத் தள்ளினேன். வெற்றுப் பாதை. மான்கள். ஆள் இல்லை. ஒரு படத்திலும் இல்லை.

கைப்பேசி அடித்தது. அக்கா.

“அங்கதான் இருக்கீங்களா தம்பி? அவர் இருக்காரா?”

“இல்லக்கா. சத்தியமா இல்ல.”

மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு, “வண்டி?”

பதில் சொல்வதற்குள் இன்னும் சில படங்களைத் தள்ளியிருந்தேன். முதல் படம்: பாதைமேல் மான்கள். இரண்டாவது: நடுவில் பிளந்து இரு பக்கமும் பாய்கிற மான்கள். மூன்றாவது: வெற்றுப் பாதையில் புழுதி. அடுத்த மூன்றும் அப்படியே. அதற்கடுத்த மூன்றும். மழை கொட்டிக்கொண்டிருந்த நேற்றைய படங்களிலும் புழுதி. நேற்றைய கணக்கை மட்டும் எண்ணினேன். அறுபது.

“தம்பி?”

“பாதைய மூடி நாப்பது நாள் ஆச்சுக்கா” என்றேன். அதுவும் உண்மைதான்.

“அப்பச் சரி” என்று அவள் வைத்துவிட்டாள்.

நான் குனிந்து பார்த்தேன். நனைந்த செம்மண்ணில் சக்கரத் தடங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, விளிம்பு கலையாமல், தண்ணீர் இன்னும் ஊறி நிரம்பாமல். வந்த வழியே திரும்பி நடந்தேன். ஓட முடியவில்லை; எதிரே எங்கோ மான்கள் வெடுக்கென்று தலை தூக்கும்போதெல்லாம் பாதையைவிட்டு இறங்கி, புதரோடு ஒண்டி, காணாத வண்டி ஒன்றின் காற்று முகத்தில் அடித்துக் கடக்கும்வரை நிற்க வேண்டியிருந்தது.

வாசல்வரை தரையைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். அத்தனை தடமும் உள்ளே போனவை.

வெளியே வந்தது ஒன்றுகூட இல்லை.